பனிமலை கடந்த யுவான் சுவாங்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டினைப் பனியின் பெயராலேயே வழங்கினர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். மார்கழித் திங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகறையில் எழுந்து மேற்றிசையை நோக்குவார்க்கு ஆங்குள்ள மலைத்தொடர் புலப்படாத நாள்கள் உண்டு. வெண்படலம் ஒன்று அடிவாரத்துத் தோப்புகளையும் வயல்களையும் மூடி நிற்கும். திருப்பாவை பாடக் கோயிலுக்குச் செல்லும் சிறுவரும் சிறுமியரும் போர்வையைக் காதளவும் இழுத்துப் போர்த்துக்கொள்வர். ஞாயிறு ஒரு பனையளவு மேலெழுந்ததும் அப்பனி இருந்த சுவடும் தெரியாமல் அகன்றுவிடும். நம் நாட்டுப் பனி அத்துணை மெல்லியது. புல்லின் நுனியில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம். இமயத்தின் முடியில் பாறைபோல் இறுகிக் கிடப்பதையும் பனி என்கிறோம். சொல் ஒன்றே, பொருள்களுக்கு இடையேயுள்ள தொலைவோ பெரிது.

அத்தொலைவினைக் காலால் நடந்து அளந்தவர் ஒருவர் இருந்தார். உறைபனி மலைகளைக் கடந்து பாரத நாட்டிற்கு வந்து, தமிழகத்துக் காஞ்சிமாநகர் வரையில் சென்று, மீண்டும் அத்தகைய மலைகளையே கடந்து அவர் தம் நாடு சேர்ந்தார். அவரே சீனத்துப் பெருந்துறவியாகிய யுவான் சுவாங்.

கி.பி. 602ஆம் ஆண்டளவில் சீன நாட்டின் லோயாங் நகருக்கு அண்மையில் அவர் பிறந்தார். தந்தையார் கன்பூசியப் பெரியாரின் நூல்களில் வல்ல கல்விமான். அவருடைய மைந்தர் நால்வருள் யுவான் சுவாங் இளையவர். ஒருநாள் தந்தையார் நூலொன்றனைப் பாடம் சொல்லும்போது, ஆசிரியர் பேசத் தொடங்கியதும் இருக்கையை விட்டு எழுந்து நின்ற பண்டை மாணாக்கர் ஒருவரின் வரலாறு வந்தது. கேட்டுக்கொண்டிருந்த சிறுவர் உடனே ஆடையைத் திருத்திக்கொண்டு எழுந்து நின்றனராம். கற்றதை அக்கணமே செய்து காட்டும் அவ்வியல்பு அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. தமையனார் ஒருவர் பௌத்தத் துறவியாய் இருந்தமையால், இவரும் பதின்மூன்றாம் வயதிலேயே மடம் புகுந்தார்.

அக்காலம் சீன நாட்டிற்குக் கொடிய காலம். சுயி மரபினரின் ஆட்சி சரிந்து, 618ஆம் ஆண்டில் தாங் மரபினரின் ஆட்சி எழுந்தது. போரும் பஞ்சமும் நாட்டை அலைத்தன. உடன்பிறந்தார் இருவரும் ஊர்விட்டு ஊர் சென்று, எங்கெங்கே நல்லாசிரியர் இருந்தனரோ அங்கெல்லாம் கற்றனர். கற்கக் கற்க யுவான் சுவாங்கின் உள்ளத்தில் ஐயங்களே பெருகின. ஓர் ஆசிரியர் கூறும் பொருள் மற்றோர் ஆசிரியர் கூறுவதனோடு முரணிற்று. வடமொழியிலிருந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அறிஞர் மொழிபெயர்த்த நூல்கள் தமக்குள் மாறுபட்டன. யோகாசார பூமி என்னும் பெருநூலின் சில பகுதிகளே சீனத்தில் கிடைத்தன, முழுநூல் இல்லை. மூலநூல்களை அவை பிறந்த நாட்டிற்கே சென்று கற்றாலன்றி இவ்வையங்கள் தீரா என்று அவர் துணிந்தார். வேறு சிலரும் அவரோடு சேர்ந்து பேரரசரிடம் விண்ணப்பம் செய்துகொண்டனர். எல்லை கடந்து செல்ல எவர்க்கும் இசைவு இல்லை என்னும் ஆணை பிறந்தது. மற்றையோர் அடங்கிவிட்டனர். யுவான் சுவாங் மட்டும் 629ஆம் ஆண்டளவில் தலைநகராகிய சாங்கானிலிருந்து மறைவாகப் புறப்பட்டார்.

பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் அவர் மேற்றிசை எல்லையை அடைந்தார். காவற்கோபுரம் ஒன்றன் அருகே நீர் மொள்ளச் சென்றபோது, காவலர் எய்த அம்பு அவர் முழங்காலை உரசுமாறு பறந்தது. அக்கோபுரத்துத் தலைவர் பௌத்த சமயத்தில் பற்றுடையவராய் இருந்தமையால் உயிர் தப்பினார். அதற்கப்பால் பாலைநிலம். தோற்பையிலிருந்த நீர் கைதவறி மணலில் கொட்டிவிட்டது. நீரில்லாமல் மேலே செல்லுதல் இயலாது என்று கண்டு, வந்த வழியே கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு திரும்பினார். பாரதத்தை அடையுமுன் கிழக்கு நோக்கி ஓரடியும் எடுத்து வைப்பதில்லை என்று தாம் செய்துகொண்ட உறுதி அப்போது நினைவிற்கு வந்தது. குதிரையை மீண்டும் மேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் நாவிற்படவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய கிழட்டுக் குதிரை பசும்புல்லும் நீரும் உள்ள இடத்தை அறிந்து தானே சென்று சேர்ந்தது. பலமுறை அவ்வழி சென்று பழகிய குதிரை அது.

பாலையைக் கடந்த அவரைக் காவோசாங் நாட்டு மன்னர் சூ வென்தாய் தம் நகருக்கு வரவழைத்தார். அந்நாடு துர்பான் என்னும் பள்ளத்தாக்கில் உள்ளது; கடல்மட்டத்திலும் தாழ்ந்த நிலம்; கோடையில் அனல் வீசும் நிலம். மன்னர் துறவியாரின் கல்வியில் உள்ளம் பறிகொடுத்தார். அவர் தம் நாட்டிலேயே தங்கி அறம் உரைத்தல் வேண்டும் என்று விரும்பினார். வேண்டுகோளுக்கு அவர் இணங்காமை கண்டு, தடுத்து நிறுத்தவும் முற்பட்டார். யுவான் சுவாங் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்று நாள் சோறும் நீரும் தீண்டாமல் அசைவற்று இருந்தார். நான்காம் நாள் அவர் மூச்சு மெலிந்தமை கண்டு மன்னர் அஞ்சி அடிபணிந்தார். அரசரின் அன்னையார் முன்னிலையில் இருவரும் உடன்பிறந்தாராக உறுதி செய்துகொண்டனர். அவ்வுறுதியோடு ஒரு வாக்கும் சேர்ந்தது. ஒரு திங்கள் அங்கே தங்கி அறநூல் உரைப்பது. பாரதத்திலிருந்து திரும்பும்போது காவோசாங்கிற்கு வந்து மூன்றாண்டுகள் தங்குவது. யுவான் சுவாங் அதற்கு இசைந்தார். அவ்வொரு வாக்கு பின்னாளில் அவரை எத்துணைத் துன்பத்திற்கு உள்ளாக்கிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அன்பு பிறந்தபின் மன்னர் செய்த உதவிக்கு அளவில்லை. அறவுரை நிகழும் நாள்தோறும் தாமே மண்டியிட்டுத் தம் முதுகைப் படியாக்கித் துறவியாரை மேடைமேல் ஏற்றினார். புறப்படும்போது பொன்னும் வெள்ளியும் பட்டும், முப்பது குதிரைகளும், இருபதுக்கு மேற்பட்ட ஏவலரும், வழியிலுள்ள நாட்டு மன்னர்க்கெல்லாம் இருபத்து நான்கு திருமுகங்களும் வழங்கினார். துணைக்கு இளந்துறவியர் நால்வரையும் அனுப்பினார். இவற்றினும் போற்றத்தக்க கொடை வேறொன்று உண்டு. முகத்தை மூடும் துணிகள், கையுறைகள், காலணிகள், காலுறைகள் ஆகியவற்றைத் தைப்பித்துத் தந்தார். அனல் வீசும் நாட்டில் இருந்துகொண்டு, அப்பால் உள்ள குளிரை எண்ணிப் பார்த்தவர் அவர்.

அக்குளிர் விரைவிலேயே எதிர்ப்பட்டது. கூச்சா என்னும் நாட்டை அடைந்தபோது, மேலே செல்லும் மலைவழி பனியால் அடைபட்டிருந்தது. பனி இளகி வழி திறக்கும் என்று யுவான் சுவாங்கும் துணைவரும் அறுபது நாளுக்கு மேல் அவ்வூரிலேயே காத்திருந்தனர். பின்னர்ப் புறப்பட்டுத் தியான்சான் மலைத்தொடரின் அடிவாரத்தை எய்தினர். தியான்சான் என்பதற்கு வானமலை என்பது பொருள். அதன் மிக உயர்ந்த முடி 7,439 மீட்டர் உயரமுடையது. அத்தொடரில் அவர்கள் ஏறிக் கடக்க வேண்டிய பகுதியைச் சீனர் லிங்சான் என்றனர். பனிக்கட்டி மலை என்று அதனைத் தமிழில் கூறலாம்.

நம் ஊர்களில் மழை பெய்தால் நீர் ஓடிவிடும். வெயில் வந்தால் பனி உலர்ந்துவிடும். அம்மலையிலோ ஓராண்டு விழுந்த பனி கரையுமுன் மறு ஆண்டுப் பனி அதன்மேல் விழுகின்றது. மேலுள்ள பனியின் சுமையால் அடியிலுள்ள பனி அழுந்தி இறுகிக் கட்டியாகின்றது. வேனிற்காலத்திலும் அது உருகுவதில்லை. எங்கு நோக்கினும் வெண்மை. மலை எங்கே முடிகின்றது, முகில் எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலாது. முடிகளிலிருந்து பிளந்து விழுந்த பனிப்பாளங்கள் வழியின் குறுக்கே கிடந்தன. அவற்றுட் சில நூறடி உயரம் இருந்தன. சில பல அடி அகலம் பரந்து கிடந்தன. ஏறுதற்கும் அரிது; சுற்றிச் செல்லுதற்கும் அரிது. அதன்மேல் காற்றும் பனித்தூளும் கலந்து முகத்தில் அறைந்தன. இரட்டைக் காலணியும் மயிர்த்தோல் ஆடையும் அணிந்தவரும் நடுங்கினர். உண்ணவோ உறங்கவோ ஈரமில்லாத இடம் ஒரு முழமும் இல்லை. கலத்தைத் தொங்கவிட்டுச் சமைத்தனர். பனிக்கட்டியின்மேல் பாயை விரித்துப் படுத்தனர். உயரம் மிகுந்த இடத்தில் காற்று நொய்தாகி மூச்சுத் திணறும் என்பதை இன்று யாவரும் அறிவர். அக்காலத்தார் அதன் காரணம் அறியாமலே அத்துன்பத்தையும் சுமந்திருத்தல் வேண்டும்.

அவ்வழி செல்வோர் சிவந்த ஆடை உடுத்தலாகாது, சுரைக்குடுக்கை கொண்டு செல்லலாகாது, உரத்துக் கூவலாகாது என்பது அந்நாட்டாரின் நம்பிக்கை. மீறினால் மலையிலுள்ள கொடிய நாகம் சினந்து புயலையும் கல்மழையையும் ஏவும் என்றனர். யுவான் சுவாங் தம் நூலில் இதனைக் குறித்து வைத்துள்ளார். மனிதர் குரலொலி ஒன்றினாலேயே பனி சரிந்து விழுந்துவிடாது என்று இக்காலத்து அறிஞர் கூறுவர். எனினும், திடீரென்று மலையே பெயர்ந்து வருவது போன்ற சரிவுகளைக் கண்டு கண்டு நடுங்கிய மக்கள், வாய்திறவாமல் நடந்துசெல்லக் கற்றது வியப்பன்று.

ஏழு நாள் அவ்வாறு நடந்தனர். ஏழாம் நாள் மலையின் மறுபுறம் இறங்கியபோது எண்ணிப் பார்த்தனர். புறப்பட்ட பதின்மருக்கு மூவர் நால்வர் வீதம் குளிராலும் பசியாலும் மாண்டிருந்தனர். எருதுகளும் குதிரைகளும் அதனினும் மிகுதியாக மடிந்தன. மாண்டவர் யாவர், எவ்வூரினர், அவர்க்காகக் காத்திருந்த தாயர் எத்துணையர் என்பது எந்நூலிலும் எழுதப்படவில்லை. அவர்களுள் நூல் தேடிப் புறப்பட்டவர் சிலரே. பலர் மன்னர் ஏவலால் மூட்டை சுமந்து வந்த எளிய மக்கள். யுவான் சுவாங்கின் பெரும்பயணத்தைப் பேசும்போது இவர்களையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

மலையின் அப்புறத்தே இசிக்குல் என்னும் பேரேரி இருந்தது. கடுங்குளிரிலும் உறையாத உப்புநீர் ஏரியாதலின் அதனை வெப்பக்கடல் என்றனர் சீனர். பனியில் ஏழு நாள் கிடந்து வந்தவர்க்கு அப்பெயர் எத்துணை இனிமையாக ஒலித்திருக்கும்! அங்கிருந்து துருக்கியரின் பேரரசரைக் கண்டு, காவோசாங் மன்னரின் திருமுகத்தைக் காட்டி, அவர் துணையோடு சமர்க்கந்து, பால்கு முதலிய நகரங்களைக் கடந்தார். பாமியானில் மலையைக் குடைந்து செதுக்கிய நெடிய புத்தர் உருவங்களைக் கண்டு தொழுதார். யுவான் சுவாங் எழுதிவைத்த அவ்வுருவங்கள் 2001ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்டன. பாமியானை விட்டு நீங்கிய இரண்டாம் நாள், இந்துகுஷ் மலையில் பனி பொழிந்து வழி மறைந்துவிட்டது. எத்திசை செல்வதென்று அறியாமல் நின்றவர்க்கு எதிர்ப்பட்ட வேடர் சிலர் வழி காட்டினர். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

இவ்வாறு பாரதத்தினுள் புகுந்த யுவான் சுவாங் காந்தாரம், காசுமீரம், கன்னோசி முதலிய நாடுகளில் தங்கிக் கற்றுக்கொண்டே நாளந்தாவை அடைந்தார். அங்கே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சீலபத்திரர் என்னும் முதுபேராசிரியரின் அடியில் அமர்ந்து, தாம் தேடி வந்த யோகாசார பூமியை முழுதும் பாடம் கேட்டார். தமிழ் மாணாக்கர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர். அவர் பிறந்த ஊர் காஞ்சிமாநகர். ஆகவே, பனிமலை கடந்து வந்த சீனர் நாளந்தாவில் கேட்ட பாடம் காஞ்சியில் பிறந்த ஒருவர் வாயிலாக வந்த பாடமாகும்.

640ஆம் ஆண்டளவில் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தார். அப்போது முதலாம் நரசிம்மவர்மப் பல்லவர் அரசு புரிந்துகொண்டிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்த நாடு என்று அவர் தொண்டைநாட்டைக் குறித்துள்ளார். மக்கள் வாய்மையில் உறுதியுடையோர் என்றும், கல்வியை மதிப்போர் என்றும் பாராட்டியுள்ளார். காஞ்சியிலிருந்து கடல் கடந்து இலங்கைக்குச் செல்வது அவர் கருத்து. அந்நேரத்தில் இலங்கையிலிருந்து துறவியர் முந்நூற்றுவர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அரசர் இறந்தார், நாட்டில் குழப்பமும் பஞ்சமும் நிலவுகின்றன என்று அவர்கள் கூறவே, யுவான் சுவாங் அப்பயணத்தைக் கைவிட்டார். இத்துணை மலைகளைக் கடந்தவர் மூன்று நாட் கடற்பயணத்தை விடுத்தமை வியப்பாகத் தோன்றலாம். அத்துறவியருள் மூத்தோரிடம் தம் ஐயங்களை அவர் கேட்டறிந்தார். சீலபத்திரர் உரைத்ததற்கு மேல் அவர்கள் உரைக்கவில்லை. கற்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் தம்மையும் பிறரையும் இடருக்கு உள்ளாக்குதல் அவர்க்கு உடன்பாடன்று.

பாண்டிய நாட்டையும் அவர் நேரிற் காணவில்லை. கேட்டறிந்ததைக் கொண்டு, அந்நாட்டின் தெற்கே மலயமலை உண்டென்றும், அதில் சந்தன மரங்கள் வளர்கின்றன என்றும், கோடை வெப்பத்தில் குளிர்ச்சி நாடிப் பாம்புகள் அம்மரங்களைச் சுற்றிக்கொள்ளும் என்றும் எழுதினார். அதற்குக் கிழக்கே பொதலகம் என்று அவர் குறித்த மலையைப் பொதியில் என்று அறிஞர் பலர் கொள்வர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரே தெற்கு நோக்கிச் சென்று பொதியில் ஆகின்றது. கையுறையும் முகத்திரையும் அணிந்து மலையேறியவர், பாம்பும் குளிர்ச்சியை நாடும் மலையொன்றனைப் பற்றி எழுதி வைத்தது நினைக்க நினைக்கச் சுவையானது.

வடக்கே திரும்பிய அவரை ஹர்ஷவர்த்தனப் பேரரசர் கன்னோசியில் பேரவை கூட்டிச் சிறப்பித்தார். 643ஆம் ஆண்டில் யுவான் சுவாங் தாய்நாட்டிற்கு விடைபெற்றபோது, எவ்வழியே செல்லக் கருதுகின்றார் என்று பேரரசர் வினவினார். தென்கடல் வழியே செல்வதாயின் தம் தூதரையே துணைக்கு அனுப்புவதாகவும் கூறினார். கடல்வழியும் இடரற்றதன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன் பாகியான் அவ்வழியே திரும்பிப் புயலில் அலைப்புண்டார். எனினும், குதிரைச் சுமைகளாக நூல்களைப் பனியில் சுமந்து செல்வதினும் மரக்கலம் எளிது என்பதை எவரும் அறிவர். யுவான் சுவாங் மலைவழியே செல்வதாக உரைத்தார். அதற்கு அவர் கூறிய காரணம் ஒன்றே. காவோசாங் மன்னர் தமக்குப் பேருதவி செய்தார்; திரும்பும்போது அவரிடம் வருவதாகத் தாம் வாக்களித்துள்ளார்; அவ்வன்பை மறத்தல் இயலாது. வாக்குக் கொடுத்துப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

ஹர்ஷர் அவருக்கு ஒரு யானையையும், மூவாயிரம் பொற்காசும் பதினாயிரம் வெள்ளிக்காசும் வழிச்செலவிற்கு அளித்தார். சிந்துவாற்றைக் கடக்கையில் நடு ஆற்றில் புயல் எழுந்தது. யுவான் சுவாங் யானைமேல் இருந்தமையால் நனையாமல் கரை சேர்ந்தார். ஓடத்திலிருந்த ஐம்பது கட்டு நூல்களும், சீனத்தில் விதைப்பதற்கென்று சேர்த்து வைத்த பூச்செடிகளின் விதைகளும் ஆற்றோடு சென்றன. உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய நூல்கள் கண்முன்னே அமிழ்ந்தமை காண அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! இழந்தவற்றுட் சிலவற்றைப் படியெடுத்து வர உத்தியான நாட்டிற்கு ஆள் அனுப்பி, ஐம்பது நாள் காத்திருந்து பெற்றுக்கொண்டு மேலே சென்றார்.

மீண்டும் இந்துகுஷ் எதிரே நின்றது. முன்னர்க் கடந்த பகுதியினும் இம்முறை ஏறிய பகுதி கடுமையானது. ஏழு நாள் ஏறி, அடிமுடியில் நூறு குடிகள் வாழும் சிற்றூர் ஒன்றனை அடைந்தனர். அப்பால் பனி மூடிய பிளவுகளும் உறைந்த ஓடைகளும் நிறைந்த வழி. உள்ளூரார் துணையின்றி அடி வைத்தால் பிளவில் வீழ்ந்து மறைய வேண்டியதே. நள்ளிரவில் புறப்பட்டனர். மலை ஒட்டகத்தின்மேல் ஏறிய ஊரார் ஒருவர் முன்னே செல்ல, மற்றையோர் அவர் சுவட்டிலேயே நடந்தனர். துறவியர் எழுவரும் கூலியாட்களுமாக இருபதின்மருக்கு மேற்பட்டோர், பத்துக் கோவேறு கழுதைகள், நான்கு குதிரைகள், இவற்றோடு ஹர்ஷர் தந்த யானை. கங்கைச் சமவெளியில் கரும்பு தின்று வளர்ந்த விலங்கு பனிக்கட்டியின்மேல் தடுமாறி நடந்த காட்சியை உள்ளத்தால் கண்டாலும் இரக்கமே பிறக்கின்றது. பொழுது சாயும் வேளையில் முடியை எட்டினர். காற்றின் வேகத்தால் ஒருவரும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. புல்லும் இல்லை, மரமும் இல்லை. மூங்கில் முளைகள்போல் கூரிய பாறைகளே எழுந்து நின்றன. பறவைகளும் அம்முடியைப் பறந்து கடக்கமாட்டா என்று யுவான் சுவாங்கின் மாணாக்கர் எழுதிய வரலாறு கூறுகின்றது. அன்றிரவே சிறிது கீழிறங்கி, காற்று அடங்கிய இடத்தில் தங்கினர்.

அப்பால் பாமீர் மலைநாடு. வழியிடையே பனி பொழிந்து, ஒரு திங்களுக்கு மேல் தங்கும்படி நேர்ந்தது. மலையை ஒருவாறு கடந்து இறங்கும்போது கள்வர் கூட்டம் எதிர்ப்பட, உடன்வந்த வணிகர் சிதறி ஓடினர். அக்குழப்பத்தில் விரட்டப்பட்ட யானை நீரில் வீழ்ந்து மாண்டது. பனியை வென்ற அவ்விலங்கு மனிதர் கொடுமையால் உயிர் துறந்தது.

இவ்வளவு பாடும் எவர் பொருட்டுப் பட்டாரோ அம்மன்னர் அப்போது உயிரோடு இல்லை. சூ வென்தாய் தாங் பேரரசரோடு பகைகொண்டார். பேரரசரின் படை காவோசாங்கை நெருங்கிய செய்தி கேட்டு நோயுற்று இறந்தார். நாடு பேரரசோடு சேர்க்கப்பட்டது. இது நிகழ்ந்தது 640ஆம் ஆண்டு. யுவான் சுவாங் தெற்கே காஞ்சி முதலிய நாடுகளில் திரிந்துகொண்டிருந்த காலம். வாக்கைப் பெற்றவர் மறைந்ததை அறியாமலே ஹர்ஷர் அளித்த கடல்வழியை அவர் மறுத்தார். காவோசாங்கிற்குச் செல்லவேண்டிய தேவை நீங்கியமையால், பாலையின் தென்கரை வழியே கோதான் நகரை அடைந்தார். அங்கிருந்து, இசைவின்றி நாடு கடந்த தம் குற்றத்தைக் கூறிப் பேரரசர் தாய்சுங்கிற்கு விண்ணப்பம் எழுதினார். அதனை எடுத்துச் சென்றவர் காவோசாங் நாட்டு இளைஞர் ஒருவர். பேரரசர் மகிழ்ந்து வரவேற்றார்.

645ஆம் ஆண்டில் சாங்கான் நகரம் திரண்டு நின்று யுவான் சுவாங்கை எதிர்கொண்டது. இருபதுக்கு மேற்பட்ட குதிரைகள் 657 நூல்களைச் சுமந்து வந்தன. பேரரசர் அளிக்க முன்வந்த அரசுப் பதவியை மறுத்து, எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளையும் மொழிபெயர்ப்பிலேயே கழித்தார். எழுபத்தைந்து நூல்கள் சீன மொழியில் உருப்பெற்றன. தருமபாலரின் உரையை நடுவாக வைத்துத் தொகுத்த நூல் 659ஆம் ஆண்டில் முடிந்தது. தருமபாலர் வடமொழியில் எழுதிய அவ்வுரை மூலமொழியில் இன்று கிடைப்பதில்லை. காஞ்சியிற் பிறந்த பேரறிஞரின் கருத்து, பனிமலை கடந்த சீனரின் எழுத்தில் வாழ்கின்றது. அங்கிருந்து ஜப்பான் நாட்டிற்கும் சென்றது. பேரரசர் வேண்டுகோளின்படி 646ஆம் ஆண்டில் எழுதி முடித்த பயணநூலில் 138 நாடுகளைப் பற்றிய செய்திகள் உள்ளன. தாம் கண்டவை 110 என்றும், கேட்டறிந்தவை 28 என்றும் பிரித்துக் காட்டிய நேர்மை அந்நூலுக்குத் தனிச்சிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னிங்காம் என்னும் தொல்பொருள் அறிஞர் அதிற்கண்ட திசையையும் தொலைவையும் கொண்டே, மண்மேடிட்டுக் கிடந்த நாளந்தாவை அடையாளம் கண்டார்.

சிந்துவாறு கொண்ட நூல்களை யுவான் சுவாங் மறக்கவில்லை. 654ஆம் ஆண்டில், பாரதத்திற்குத் திரும்பும் துறவி ஒருவர்வழி நாளந்தாவிலிருந்த நண்பர்க்கு மடல் எழுதினார். சீலபத்திரர் மறைந்த செய்தி கேட்டு வருந்தியதோடு, ஆற்றில் இழந்த நூல்களின் பட்டியலையும் இணைத்து, வருவார் கையில் அனுப்புமாறு வேண்டினார். பதினோராண்டுகளாக அப்பட்டியல் அவர் உள்ளத்தில் இருந்தது.

பனியும் அவரை விடவில்லை. மலைகளைக் கடந்த நாளில் உடம்பிற் புகுந்த குளிர்நோய் ஆண்டுதோறும் தலைகாட்டியது. அது எழும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மருந்தின் துணையால் பணியைத் தொடர்வார். 656ஆம் ஆண்டின் கோடையில் வெப்பம் தாங்காமல் குளிர்ந்த இடத்தை நாடியபோது, பழைய நோய் மீண்டும் எழுந்து உயிருக்கே ஊறு நேரும் நிலை வந்தது. பேரரசர் அரண்மனை மருத்துவரை அனுப்பிக் காப்பாற்றினார். அதன்பின் சாங்கானுக்கு வடக்கே மலையிடத்துள்ள யூகுவா மடத்தில் தங்கி, அறுநூறு பகுதிகளையுடைய பிரஞ்ஞாபாரமிதைப் பெருநூலை 663ஆம் ஆண்டின் இறுதியில் மொழிபெயர்த்து முடித்தார். மற்றொரு பெருநூலை மாணாக்கர் வேண்ட எடுத்தார். சில வரிகள் எழுதியதும் தம் வலிமை ஒடுங்கிவிட்டது என்று உணர்ந்து ஏட்டை மூடிவைத்தார். சில நாள் கழித்து, தம் அறையின் பின்புறமிருந்த சிறு வாய்க்கால் ஒன்றனைத் தாண்டும்போது கால் இடறி விழுந்தார். முழங்காலின் கீழே தோல் சிறிதே உரிந்தது. அதனோடு படுக்கையில் கிடந்தவர் எழவில்லை. ஒரு திங்கள் கழிவதற்குள், 664ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யூகுவா மடத்திலேயே உயிர் நீத்தார்.